ஐம்பத்தெட்டு வயதில் பரு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் ஸ்கேன் உறையோடு உட்கார்ந்திருந்தார். வழியில் ஏறிய அவருடைய தோழி பக்கத்தில் உட்கார்ந்ததுமே கேட்டார்.

“இன்னாடி வள்ளி, மூஞ்செல்லாம் பருவாக் கீது?”

“நல்லாப் பாத்துக்கோ. அம்பத்தெட்டு வயசுல பரு வந்து சந்தோஷப்படறவ நான் ஒருத்திதான்.”

“வெளையாடாத.”

“நெசமாத்தான். நுரையீரல்ல புத்துநோய், எலும்பு வரைக்கும் பரவிடுச்சின்னாங்க இல்ல? கட்டியில துளி எடுத்து டெஸ்ட் பண்ணாங்க. இந்த வகக் கட்டிக்குன்னே ஒரு மாத்திர கீதாம். தெனம் முழுங்குறேன். மூணு வாரத்துக்கு ஒருக்கா கீமோவும் ஏத்துறாங்க. ரெண்டும் சேந்து அடிக்குது. பரு அந்த மாத்திரையால வர்றது. மருந்து வேல செய்யிறப்ப இப்படி வரும்னாரு டாக்டரு.”

“ஸ்கேன்ல இன்னா சொன்னாங்க?”

“கட்டி பாதியா சுருங்கிடுச்சிடி! முழுசாப் போவாது, மாத்திரயும் நிறுத்தக் கூடாது. நடவுக்கு எறங்கட்டுமான்னு கேட்டேன். இப்போதைக்கு வரப்புல நின்னு வேல வாங்குன்னாரு.”

தோழி வள்ளியின் கன்னத்தைத் தடவினார்.

“எரியுதுடி, கைய எடு!”

இருவரும் சிரித்த சிரிப்பில், வள்ளி இறங்க வேண்டிய இடத்தைப் பேருந்து தாண்டிவிட்டது. அவர் எழுந்து, “டிரைவரு நைனா, நிறுத்து!” என்று கத்தினார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். வண்டி குலுங்கி நின்றது.

கண்டக்டர் முறைத்தார். தோழி கண்களைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னார்:

“கோச்சிக்காத சார். பொங்கலப்போ இவளுக்குத் தண்ணி கேக்கக்கூட மூச்சில்ல.”