அச்சு காயும்வரை

முதலாளி தனபால் எனக்குத் தர வேண்டியிருந்தது நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபாய். அவர் மனைவி ராதிகா அம்மா கொடுத்த புகாரில் நாற்பத்திரண்டாயிரம் திருட்டு என்று இருக்கிறதாம். அது தவறு, ஐயா. அதைத் திருத்தத்தான் என் கையாலேயே எழுதித் தருகிறேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன். கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் முன்பு மிளகு போட்டுவைத்த கொட்டகைதான் அவருடைய பட்டறை. விடுதிகளுக்கு வேண்டிய போலிப் பாறை, போலிப் பலாப்பழம், மரம் போலத் தெரியும் பெயர்ப்பலகை எல்லாம் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் வார்ப்போம். இரண்டு டப்பாத் திரவத்தைக் கலந்தால் சூடேறும். கெட்டியாவதற்குள் அச்சில் ஊற்றி, குமிழி போகத் தட்ட வேண்டும். சன்னல் இல்லாத அந்த இடத்தில் எட்டு வருடம் ஊற்றினேன். இப்போது பஸ்ஸுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன்.

டப்பாவோடு தமிழில் அச்சடித்த தாள் ஒன்று வரும். வழவழப்பான தாள். அதை விரித்துத்தான் மதியச் சோறு வைத்துத் தின்பேன். மாலை வகுப்பில் சங்கீதா டீச்சர் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்த பிறகு, ஒருநாள் சோற்றை ஒதுக்கிவிட்டுப் படித்தேன். 'இதன் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. அருகில் உணவு உண்ணக் கூடாது.'

தாளை முதலாளியிடம் காட்டினேன்.

"அட, படிக்கக் கத்துக்கிட்டியா சின்னா? அப்ப சோத்துக்கு வேற பேப்பர் தேடிக்க, கண்ணு."

நல்ல தமாஷ்தான். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாக முடிந்தது.

நாமக்கல் டாக்டர் சொன்ன வைத்தியத்துக்காகக் கூலிப் பாக்கியைக் கேட்டேன். தனக்கு ஒரு சிலை வார்த்துக் கொடுத்தால் தருவதாக முதலாளி சொன்னார். இடுப்பளவு, கும்பிட்ட கையோடு.

"உசுரோட இருக்கறப்பவே எதுக்குங்க செலை?"

"செத்தப்புறம் வெச்சா நான் எங்கடா பாக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை. பட்டறையில் நாங்கள் இருவர்தான். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வாஸ்லின் தடவி, பல் டாக்டர்கள் அளவெடுக்கும் பொடியைக் குழைத்து முகம், மார்பு, கும்பிட்ட கை எல்லாம் அப்பினேன். அதன்மேல் மாவுக்கட்டு. அசையாமல் இருக்க நாற்காலியோடு சேர்த்துச் சுற்றினேன். மூச்சுக்கு மூக்கில் இரண்டு ஸ்ட்ரா.

"மூச்சு முட்டுனா காலைத் தட்டுங்க. எடுத்துடறேன்" என்று முன்பே சொல்லியிருந்தேன்.

கை பிரியாத அளவுக்குக் கட்டு இறுகியதும், "பணம் எப்பங்க?" என்று கேட்டேன். பதில் இல்லை. வாய் மூடியிருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வாய் திறந்திருந்த நாட்களிலும் இதே பதில்தான்.

அப்போது ஸ்ட்ரா முனையில் கொஞ்சம் மாவு விழுந்துவிட்டது.

விழுந்தது என்று எழுதிவிட்டேன். திரும்பப் படித்தால் சரியாக இல்லை. வைத்தேன். இரண்டிலும்.

காலைத் தட்டினார். நன்றாகவே தட்டினார். காயும்வரை அச்சை அசைக்கக் கூடாது என்பது அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்த தொழில். அசைக்கவில்லை. தட்டுவது நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் பிரித்தேன். முகத்தைத் துடைத்து, சட்டை மாட்டிவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். நெஞ்சுவலி என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. நாலு பேர் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

பேசியபடி சிலையையும் வார்த்துக் கொடுத்தேன். ஒரு குமிழி கிடையாது. இமை முடிகூடப் பதிந்திருந்தது.

"உசுரோட கும்பிடறாப்பலயே இருக்குது சின்னா" என்று ராதிகா அம்மா அழுதார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதலாளி யாரையும் கும்பிட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சிலை முடிந்தால் பணம் என்பது பேச்சு. மேசை டிராயரில் நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. என் பாக்கியை எடுத்துக்கொண்டேன். மீதி நானூறு ரூபாயை மேசைமேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு போலிக் கல்லை அதன்மேல் வைத்தேன். அந்தக் கல்லைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கும் அவருக்கும் கணக்கு நேராகிவிட்டது. மற்றதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, திருட்டு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.