அரை நிமிஷத்தில் திறக்கும் கதவு

மாலை ஏழே கால் மணி. ஊரைத் தாண்டிப் போகிற பழைய சாலை. இரண்டு பக்கமும் சுற்றுச்சுவர் மட்டும் எழுப்பிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன மனைகள். கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போகிறது...

ஏழே காலுக்கு எந்தப் பேய் வரும் என்று சிரிக்கிறவர்கள் இப்போதே இந்த ரிப்பேரான கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கலாம். டிரைவர் மெக்கானிக்கைத் தேடித் தனியாகத்தான் நடந்து போயிருக்கிறார், துணைக்குப் போங்கள். போகவில்லையா? அப்போது வாயை மூடிக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். அந்த செல்போன் வெளிச்சத்தை அணைத்துத் தொலையுங்கள்.

ஸ்கூட்டரில் போனவர் நம் ஸ்டோர் கிளார்க்கின் சகலை. கிளார்க் இதோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் அவரே திருத்தட்டும். திருத்தமாட்டார். சகலையை யாராவது மட்டமாகப் பேசினால் அவருக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வரும்.

சகலைக்குப் பூட்டுத் தொழில். வீடுகளில் கண்ணாடிக் கதவு வைக்கிறார்களே... தோட்டத்துப் பக்கம் தள்ளித் திறக்கிறது, பால்கனிப் பக்கம் இரண்டாகப் பிரிந்து திறக்கிறது... அதற்கெல்லாம் பூட்டும் தாழ்ப்பாளும் பலப்படுத்தித் தருவார். கை சுத்தமான வேலை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வாய்தான் சாக்கடை. உலகத்தில் கதவு வைத்திருக்கிற அத்தனை பேரும் முட்டாள் என்பது அவர் கட்சி. ஊரில் அவருக்குப் பெயர் 'அரை நிமிஷம்'.

ஏன் அந்தப் பெயர்? வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் நேராக வேலையைத் தொடங்கமாட்டார். வீட்டுக்காரர்களை உள்ளே நிற்க வைத்துக் கதவைப் பூட்டச் சொல்லுவார். வெளியே நின்று அரை நிமிஷத்தில் திறந்து உள்ளே வருவார். சேற்றுக் காலோடு சோபாவில் உட்கார்ந்து, "இது கதவு இல்லம்மா, திரைச்சீலை" என்பார். அந்த அம்மாவின் முகம் வெளுக்கும். அதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

ஒரு தலைமை ஆசிரியர், பாவம், தன் இரட்டைக் கதவுக்குத் தேங்காய் அளவு பூட்டு வாங்கித் தொங்கவிட்டிருந்தார். கீல் மொத்தமும் வெளிப்பக்கம். நம் ஆள் ஒரு ஆணியால் கீலின் ஊசிகளைத் தட்டி எடுத்தார். கதவைப் பூட்டோடு அப்படியே பெயர்த்து, "சார், உங்க பூட்டு ரொம்பப் பத்திரமா இருக்கு. பிடிங்க" என்று கையில் கொடுத்துவிட்டார். அந்த மனுஷர் பள்ளிக்கூடப் பையனைப் போலக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதைச் சொல்லிச் சொல்லியே நாலு கல்யாணப் பந்தியில் சிரித்தவர் அரை நிமிஷம்.

ஸ்கூட்டரில் போன அன்றைக்கு மத்தியானம் அவருக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல். பக்கத்தில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

"தம்பி... கண்ணாடிக் கதவு. கண்ணாடிக் கதவு. வெளியிலேர்ந்து தொறக்க முடியுமா?"

"அரை நிமிஷம் போதும்மா."

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா? போட்டிருந்தா?"

"தாழ்ப்பாள் என்ன, உள்ள யானையைக் கட்டியிருந்தாலும் தொறப்பேன்."

"நீங்களே வந்து தொறந்து காட்டுவீங்களா? தொறந்து காட்டுவீங்களா?"

வரேன் என்றார். விலாசம் சொன்னாள். கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். "முன்பக்கம் பெல் அடிக்காதீங்க. தொறக்க மாட்டாங்க. பின்பக்கமா வந்துடுங்க."

கேட்டீர்களா? தொறக்க மாட்டாங்க. தன் வீட்டைப் பற்றி யாராவது அப்படிப் பேசுவார்களா? இதோ இந்தக் கடைசி சீட்டுத் தூங்குமூஞ்சிக்கே உறைத்துவிட்டது. அரை நிமிஷத்துக்கு உறைக்கவில்லை. போனை வைத்ததும் அவள் குரலிலேயே, "தொறந்து காட்டுவீங்களா, காட்டுவீங்களா" என்று பொண்டாட்டியிடம் நடித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினார்.

வீடு சாலையின் கடைசியில். சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் குடியிருக்கிற வீடு. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனார். சிமெண்ட் முற்றம். காய்ந்து கிடக்கிறது. ஆனால் ஒரு வாசனை... துவைக்க ஊறப்போட்ட துணியை வாளியிலேயே நாலு நாள் மறந்துவிட்டால் வருமே, அந்த வாசனை.

சுவர் அகலத்துக்குத் தள்ளுகதவு. உள்ளே திரை. ஒரு சாண் விலகியிருந்தது. எட்டிப் பார்த்தார்.

சாப்பாட்டு மேஜை. மூன்று பேர். நாற்பது வயதில் ஒரு ஆள், அவர் மனைவி, பத்து வயதில் ஒரு பெண் குழந்தை. மூன்று பேரும் மேஜையின் ஒரே பக்கத்தில், வரிசையாக, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் காலியாக ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் வெறும் சுவர்.

கண்ணாடியைத் தட்டினார். டொக்... டொக்.

மூன்று கைகளும் தட்டில் நின்றன. யாரும் திரும்பவில்லை.

"பூட்டுக்காரன் வந்திருக்கேன்!"

அந்த ஆள் திரும்பாமலே, சுவரைப் பார்த்தே கத்தினார். "போயிடுங்க! இங்க உங்களுக்கு இடமில்ல. எத்தனை தடவை சொல்றது?"

வேறு யாராவது இருந்தால் ஸ்கூட்டரை எடுத்திருப்பார்கள். அரை நிமிஷத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கூப்பிட்டுவிட்டு விரட்டுகிறார்களா? கதவை மேலும் கீழும் பார்த்தார். பார்த்தவர் சிரித்தேவிட்டார். பக்கவாட்டில் ஆறு பூட்டு. ஆறு! கீழே டிராக்கில் கதவு நகராமல் இருக்க ஒரு மாப் கட்டையை வெட்டிப் போட்டிருந்தார்கள். இத்தனையும் செய்தவர்கள் மேல் சட்டத்தில் இரண்டு ஸ்க்ரூ போடவில்லை. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. தள்ளுகதவைத் தள்ளித்தான் திறக்க வேண்டுமா என்ன? தூக்கினால் வந்துவிடும்.

"ஆறு பூட்டாம் ஆறு பூட்டு. மூளை இருக்க வேண்டிய இடத்துல பூட்டு" என்று சொல்லிக்கொண்டே அடியில் தட்டைக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். கிர்ர்ர்... கதவு ஒரு விரல் உயர்ந்தது. டிராக்கைத் தாண்டியது. அடிப்பக்கத்தை வெளியே இழுத்தார். ணங். ஆறு பூட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, கதவு பெயர்ந்து இரண்டு கையிலும் வந்துவிட்டது.

அதை மார்போடு அணைத்து ஓரமாக நகர்ந்தார். அப்போதுதான்...

நெரிசலான பஸ்ஸில் ஒருவர் நம்மை உரசிக்கொண்டு முன்னால் போவாரே. அப்படி. ஈரத் துணி ஒன்று அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போனது. சில்லென்று.

திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழக்கதோஷம், உள்ளே காலை வைத்துச் சொன்னார். "இருபத்தெட்டு செகண்ட்."

அந்த அம்மாதான் முதலில் திரும்பினாள். இவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். வழவழவென்று துடைத்த டைல்ஸ் தரை. அதில் ஈரக் காலடி. சின்னப் பாதம். வாசற்படியில் தொடங்கி மேஜைவரை... பச்... பச்... இவர் கண்ணெதிரே அடுத்த அடி விழுந்தது. அதற்கடுத்த அடி. குழந்தையின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது.

"யாரு உங்களை வரச் சொன்னா?" என்றார் அந்த ஆள்.

"உங்க வீட்டம்மாதான் சார் போன் பண்ணாங்க."

"நான் பண்ணலையே" என்றாள் அவள்.

இவருக்கு அப்போதும் புத்தி வரவில்லை. பொய் சொல்கிறாள் என்றே நினைத்தார். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அந்தக் குரலில் நடித்துக் காட்டினார். "தொறந்து காட்டுவீங்களா? தொறந்து காட்டுவீங்களா? இப்படி ரெண்டு ரெண்டு தடவை கேட்டது யாரும்மா அப்போ?"

அந்த அம்மா பாய்ந்து குழந்தையின் காதுகளைப் பொத்தினாள்.

மேஜையின் எதிர்ப்பக்கம் அந்தக் காலி நாற்காலி. அது பின்னால் நகர்ந்தது. கிரீச்... நின்றது. உட்காரும் இடத்திலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

மூன்று பேரும் எழுந்தார்கள். ஒரு பை எடுக்கவில்லை. செருப்பைக்கூடத் தேடவில்லை. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். குழந்தை மட்டும் தோளுக்கு மேலாக அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு போனது. அந்த ஆள் முன்கதவின் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். இவர் பின்னாலேயே ஓடி, "சார், கதவை மாட்டிடறேன் சார், ரெண்டு நிமிஷம்..." என்றார்.

அந்த ஆள் திரும்பி இவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தார். நம் அரை நிமிஷம் ஆயிரம் பேரைப் பார்த்த அதே பார்வை. இவருக்கு அதை வாங்கிப் பழக்கமில்லை.

"ரெண்டு வருஷம்யா" என்றார். "ராத்திரியில்ல, பகலில்ல, ரெண்டு வருஷம் அந்தக் கதவைத் திரும்பிப் பார்க்காம காத்தோம். உள்ளேர்ந்து நாங்க யாரும் தொறக்கல. நீ யாரு நடுவுல?"

கார் கிளம்பிப் போய்விட்டது. பின்கதவும் முன்கதவும் ஆவென்று திறந்து கிடக்க, வீட்டின் நடுவில் இவர் மட்டும். மேஜைப் பக்கம் தட்டு நகரும் சத்தம் கேட்டது. யாரோ மிச்சம் இருந்ததைச் சாப்பிட இழுத்துக்கொள்கிற மாதிரி... தட்டைக் கம்பியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. பொண்டாட்டி கேட்டால், "எல்லாக் கதவும் நல்லாத்தான் இருக்கு, விடு" என்பாராம். நம் கிளார்க் அந்தச் சமயம் பார்க்கப் போயிருக்கிறார். சகலை அவரை முதல் தடவையாக "வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டாராம். அப்போதே ஏதோ கோளாறு என்று கிளார்க்குக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டு ஆளே போன் செய்தார். வேறு வீடு பார்த்திருக்கிறார்கள். நாலாவது மாடி. சுற்றிலும் வீடுகள், வெளிச்சம், ஆள் நடமாட்டம். ஆனால் பால்கனிக்கு இரண்டாகப் பிரிந்து திறக்கும் கண்ணாடிக் கதவு. "கெடுத்தது நீங்க. நீங்களே வந்து செய்யுங்க" என்றார்.

போனார். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரே கதவு. கீல் ஊசிகளை வெளியே எடுக்கவே முடியாதபடி அடித்தார். சட்டத்தைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும் நீள ஸ்க்ரூ போட்டார். மேலும் கீழும் ஒரு அங்குல ஆழத்துக்குத் தாழ்ப்பாள். கண்ணாடி முழுவதும் தடித்த ஃபிலிம் ஒட்டினார், உடைத்தாலும் உதிராது. நடுவில் உள்ளும் புறமும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. அவர் வாழ்க்கையில் செய்த உருப்படியான வேலை அதுதான். பேச்சே இல்லை.

அந்த அம்மா பின்னாலேயே நின்று ஒவ்வொரு ஸ்க்ரூவையும் எண்ணினாள். "பத்துமா?"

"தெரியலைம்மா" என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

சாமான்களைப் பையில் போடும்போது மெதுவாகக் கேட்டார். "அவங்க யாரு சார்?"

"எங்க வீட்டு ஆளுதான்."

"அப்புறம் ஏன் வெளியில..."

"முடிஞ்சதுன்னா கிளம்புங்க" என்றாள் அந்த அம்மா.

பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் விடிகாலை, ராத்திரி முழுக்க அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது, இவருக்கு போன் வந்தது. அந்த ஆள்தான்.

"பூட்டு உடைஞ்சிடுச்சா சார்?" என்று கேட்டார் அரை நிமிஷம்.

"இல்ல. ஒரு ஸ்க்ரூகூட அசையல. நல்ல வேலை."

"அப்புறம் என்ன சார்?"

"பொண்ணு தொறந்துட்டா. என் தலையணைக்கு அடியிலேர்ந்து சாவியை எடுத்திருக்கா. ஏம்மா தொறந்தேன்னு கேட்டா, எவ்வளவு நேரம்ப்பா அவங்க மழையில நிப்பாங்க, பாவம்னு சொல்றா."

குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உடனே கீழே இறங்குங்கள் என்று கத்தினார் அரை நிமிஷம்.

"கத்தாதீங்க" என்றார் அந்த ஆள், ரகசியம் பேசுகிற குரலில். "என் பொண்டாட்டி இங்க என் பக்கத்துலதான் நிக்கிறா. உள்ள ரெண்டு பேரும் இப்பத்தான் தூங்குறாங்க."