கழுதைக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ்

பைசர்: கழுதைக்கெண்டு தனியா ஒரு இன்சூரன்ஸும் எங்கட கொம்பனியில இல்லை மகள்.

றொஷேல்: தனியா வேண்டாம் பைசர் நானா. ஒரு கதைக்குத்தான் கேக்கிறன். றோட்டில கழுதை நிக்குது. கார் வருது. ரெண்டும் முட்டுது. காசு வருமோ, வராதோ?

பைசர்: கழுதைக்கோ, காருக்கோ?

றொஷேல்: காருக்கு.

பைசர்: புல் இன்சூரன்ஸ் எண்டா உன்ர காருக்கும் வரும். தேர்ட் பார்ட்டி எண்டா மற்ற ஆளுக்கு மட்டும்தான்.

றொஷேல்: மற்ற ஆள் கழுதை.

பைசர்: அப்ப கழுதைக்கு. சொந்தக்காரன் வந்து கேட்டா. மன்னாரில எந்தக் கழுதைக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், சொல்லு பாப்பம்… முதல்ல அந்தக் கதிரையில இரு. வெயில் குடிச்சு வந்திருக்கிறாய். எத்தினை இடம் ஏறி இறங்கினனீ?

றொஷேல்: மூண்டு. முதலாவது ஏசி போட்ட கந்தோர். கார் எத்தினையாம் ஆண்டு எண்டு கேட்டவர். நான் பிறக்கிறதுக்கு மூண்டு வருஷம் முந்தினது எண்டன். மனிசன் கதிரையைக் காட்டவேயில்லை. ரெண்டாவது இடத்தில ஒரு அக்கா. ஆர் ஓட்டுறது எண்டு கேட்டா. நான்தான், இருபத்திரெண்டு வயசு, வவுனியா கம்பஸில படிக்கிறன் எண்டு பெருமையாச் சொன்னன். படிக்கிற பிள்ளையள்தான் கண்டபாட்டுக்கு ஓடிக்கொண்டு போய் முட்டுறது எண்டு சொல்லி, ஒரு விலை சொன்னா. அந்த விலைக்குக் காரில பாதியை வாங்கலாம் நானா.

பைசர்: மூண்டாவது?

றொஷேல்: போனில. பேர், வயசு, தொழில் எல்லாம் அடிச்சன். கன நேரம் சுத்திப்போட்டு, உங்கள் பகுதி முகவர் தொடர்புகொள்வார் எண்டு வந்தது. பகுதி முகவர் ஆரெண்டு பாத்தா… நீங்கள்.

பைசர்: தொடர்புகொள்ளத்தான் இருந்தனான். போனில காசு முடிஞ்சுபோச்சு. சரி, ஏன் இந்த அவதி? அடுத்த மாசம் எடுக்கலாமே.

றொஷேல்: அப்பாவை உங்களுக்குத் தெரியாதே. ராத்திரி சோத்தில கையை வைச்சவர், வைச்ச கை வைச்சபடி இருக்க, நாளைக்குப் பொழுதுபட முதல் புல் இன்சூரன்ஸ் வரவேணும், இல்லாட்டி கார் போகும் எண்டார். முசலியில ஒரு ஆள் கேட்டு நிக்கிறாராம். கார்த் திறப்பு இப்ப அவற்ற மடியில. நான் பஸ்ஸில வந்தனான்.

பைசர்: விக்கட்டுமே. பஸ் ஓடுதுதானே.

றொஷேல்: ஓடுது. பேசாலையில இருந்து வவுனியாவுக்கு ஒருக்கா நீங்கள் போய்ப் பாருங்கோ. நாலு மணிக்கு எழும்பவேணும். பின்னேரம் லாப் முடிய முதல் கடைசி பஸ் போயிடும். ஹொஸ்டலில இந்த வருஷம் இடம் தரேல்ல. இப்ப நானும் உயிலங்குளத்து மதுஷிகாவும் முருங்கன் பிள்ளையள் ரெண்டு பேரும், நாலு பேராச் சேர்ந்து பெற்றோல் போட்டுப் போறம். கார் போனா நான் படிப்பை விட்டது மாதிரித்தான். பிறகு அப்பாவோட போய் மீனுக்கு ஐஸ் உடைக்க வேண்டியதுதான்.

பைசர்: ஐஸ் உடைக்கிறதை லேசான வேலையெண்டு நினைக்காத.

றொஷேல்: நினைக்கேல்ல நானா. ரெண்டு லீவுக்கு உடைச்சுப் பாத்தனான். தோள் கழண்டுபோச்சு. அதாலதான் கம்பஸ்.

பைசர்: அப்ப கேள். ரெண்டு விதமா எழுதலாம். ஒண்டு, கீறல் விழுந்தாலும் கொம்பனி பாக்கும். அது விலை. மற்றது, சின்னச் சின்ன அடியெல்லாம் நீ பாக்கவேணும், பெரிய அடியெண்டா கொம்பனி பாக்கும். அது உன்னால கட்டக்கூடிய விலை. மாசாமாசம் கட்டலாம். அதுவும் புல் இன்சூரன்ஸ்தான், கொப்பர் குறை சொல்லேலாது.

றொஷேல்: ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்?

பைசர்: மூண்டு மடங்கு வரும்.

றொஷேல்: சின்ன அடியெண்டா… எவ்வளவு சின்னன்?

பைசர்: உனக்கு எவ்வளவு சின்னன் வேணும்?

றொஷேல்: ஒரு குளம்பளவு.

பைசர்: குளம்பு.

றொஷேல்: ஒரு கதைக்கு.

பைசர்: சரி, கதைக்கு. குளம்பளவு சின்ன அடிதான். நீதான் பாக்கவேணும்.

றொஷேல்: அப்ப விலை கூடினதையே எழுதுங்கோ.

பைசர்: கட்டுவியோ?

றொஷேல்: முதல் மாசம் எப்பிடியும் கட்டுவன். கதவு சரிவந்தாப் பிறகு மற்றதுக்கு மாறலாம்தானே.

பைசர்: எந்தக் கதவு?

றொஷேல்: …பொதுவாச் சொன்னன்.

பைசர்: எழுத முதல் காரை நாலு பக்கமும் படமெடுக்கவேணும் மகள். கார் எங்க?

றொஷேல்: வீட்ட. திறப்பு அப்பாட்ட எண்டு சொன்னனே. நானா, மூண்டு பக்கம் எண்டாக் காணாதோ? இடப்பக்கத்தால வெளிச்சம் சரியில்லை.

பைசர்: மூண்டு பக்கம் உள்ள காரை நான் இன்னும் பாக்கேல்ல.

றொஷேல்: …சரி, சொல்லுறன். ஆனா நீங்கள் அப்பாட்டப் போய்ச் சொல்லக்கூடாது.

பைசர்: நான் போய்ச் சொல்லமாட்டன்.

றொஷேல்: சத்தியமா?

பைசர்: வல்லாஹி. என்ர வாயால ஒரு சொல் போகாது.

றொஷேல்: சனிக்கிழமை பின்னேரம் தாராபுரம் தாண்டி வாறன். றோட்டுக்கு நடுவில நாலு கழுதை படுத்துக் கிடக்குது. ஹோன் அடிச்சன், அசையேல்ல. நிப்பாட்டிப்போட்டு இறங்கிப் போய், எழும்புங்கோ ராசா எண்டு மரியாதையாத்தான் சொன்னன். மூண்டு எழும்பிப் போச்சு. நாலாவது எழும்பி என்னைப் பாத்தது, காரைப் பாத்தது, ஆறுதலாத் திரும்பி நிண்டு இடப்பக்கக் கதவில விட்டது ஒரு உதை. கார் ஓடவேயில்லை நானா. நான் அதை இடிக்கேல்ல, அதுதான் என்னை இடிச்சது.

பைசர்: அப்பிடியெண்டா காசைக் கழுதையின்ர இன்சூரன்ஸிலதான் கேக்கவேணும்.

றொஷேல்: சிரிக்காதேங்கோ. பள்ளத்துக்கு மேல பெரிய மடுமாதா ஸ்டிக்கர் ஒண்டு ஒட்டினன். ஞாயிறு பூசைக்குப் போகேக்க அப்பா அதைத் தொட்டுக் கும்பிட்டிட்டு ஏறினவர். எனக்கு உயிர் போய் வந்தது. நேற்றுத் தனியாக் காரைக் கொண்டுபோய்ட்டு வந்தவர், ஒருத்தரோடயும் முகம் குடுத்துக் கதைக்கேல்ல. அதுக்குப் பிறகுதான் இன்சூரன்ஸ் எண்டும் முசலியெண்டும் வெருட்டினவர். பள்ளத்தைக் கண்டிட்டார், நான் சொல்லுறனோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டுதான் நினைக்கிறன். அப்பா ரெண்டு வருஷம் ஐஸ் தூக்கின காசு நானா அந்தக் கார்.

பைசர்: அதுக்கு, இண்டைக்கு எழுதிப்போட்டு நாளைக்கு உதைச்சதெண்டு காட்டச் சொல்லுறாய்.

றொஷேல்: …ஓம்.

பைசர்: பிடிபட்டா உன்ர கதவும் போகும், என்ர கதிரையும் போகும். நாளைக்கு லொறியொண்டு வந்து முட்டினாலும் ஒரு சதம் வராது.

றொஷேல்: உங்களுக்குத் தெரியாமச் செய்யத்தான் பாத்தனான். வாய்தான் கெடுத்துப்போட்டுது.

பைசர்: கதவெண்டு நீயாத்தான் சொன்னனீ.

றொஷேல்: சரி, மலிஞ்சதையே எழுதுங்கோ. ஸ்டிக்கரைக் கழட்டிப்போட்டுப் படமெடுங்கோ. அப்பாட்ட நானே சொல்லுறன். கார் போனாப் போகட்டும்… இல்லை, போகக்கூடாது. ஆனாச் சொல்லுறன்.

பைசர்: எப்ப?

றொஷேல்: வீட்ட போய். சாப்பிட்டாப் பிறகு. அவர் சாப்பிட்டாப் பிறகு, எனக்கு இறங்காது.

பைசர்: அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இண்டைக்கு எனக்கு இது ரெண்டாவது கழுதை.

றொஷேல்: என்ன ரெண்டாவது?

பைசர்: நான் ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணியிருக்கிறன். பெனடிற் அண்ணன், அந்த அலுமாரிக்குப் பின்னால தேத்தண்ணியும் கையுமா எவ்வளவு நேரம் இருக்கப்போறீங்கள்? இனி வெளிய வாங்கோ.

றொஷேல்: அப்பா…

பெனடிற்: கத்தாத பிள்ளை. உன்ர கதவை நான் காணவேயில்லை. நேற்றுப் பொழுதுபடேக்க ஐஸ் பெட்டியை ஏத்திக்கொண்டு வந்தனான். கழுதையொண்டு குறுக்க விழுந்தது, வலப்பக்க லைற் சிதறிப்போச்சு. அது உதறிப்போட்டு நடந்து போயிற்றுது. நான்தான் உன்ர முகத்தில முழிக்க வெக்கப்பட்டு, காரின்ர மூக்கைச் சுவரோட முட்டி நிப்பாட்டிப்போட்டு வந்தனான். அந்த லைற்றுக்குக் காசெடுக்கத்தான் உன்னைத் துரத்தினது. நீ பஸ் ஏறினாப் பிறகு மனம் கேக்காம நானும் வந்து கேட்டன், பைசர் எனக்கும் இதே பதில்தான் தந்தவர். முசலியில காரை ஒருத்தரும் கேக்கேல்ல. கார் கந்தோருக்குப் பின்னாலதான் நிக்குது, இந்தா திறப்பு, நீயே ஓட்டு… சுறுக்கா நாலு பக்கமும் படத்தை எடுக்கச் சொல்லு, இருட்ட முதல் வீட்ட போகவேணும்; ஒரு லைற்றுதான் எரியும்.