மேல்மண் காய்ந்திருந்தது

குளிர்காலத்தில் வீட்டுக்குள் செடி வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தண்ணீரைக் குறையுங்கள். தாகத்தால் செத்த செடிகளைவிடப் பாசத்தால் செத்த செடிகள்தான் அதிகம். இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள் நான். எதற்கு எவ்வளவு என்பது என் கைக்கே தெரியும்.

வீட்டில் நானும் என் தங்கையும்தான். எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதிலிருந்து காய்ச்சலுக்குக் கண் விழித்தது வரை எல்லாம் நான். அவள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். மயிரிழை பிசகாமல் கோடு போடுகிற கை, ஆனால் அந்தக் கைக்கு ராசி இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். எட்டு வயதில் ஒரு குருவிக்குஞ்சை எடுத்து வளர்த்தாள். மூன்றாம் நாள் அது குளிரில் விறைத்துக் கிடந்தது. "உன் கை அப்படிடி" என்று நான் சும்மா சொல்லிவைத்தேன். ஜன்னலைச் சாத்த மறந்தது நான்தான். அதைச் சொல்லியிருந்தால் மட்டும் அழுகை நின்றிருக்குமா என்ன?

போன வருடம், அவளுடைய முப்பத்தொன்பதாவது வயதில், ஒரு கண்ணாடிக்காரர் வந்து சேர்ந்தார். வேறு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி இல்லை, ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. ஏதோ மனைக்கு வரைபடம் வேண்டும் என்று தங்கையின் அலுவலகத்துக்கு மூன்று முறை ரயில் ஏறி வந்தார். ஒரு வரைபடத்துக்கு மூன்று முறை வர வேண்டாம் என்பது எங்கள் வீட்டு நாற்காலிக்குக்கூடத் தெரியும். நான்காவது முறை வரைபடத்தை விட்டுவிட்டு நேராகவே கேட்டுவிட்டார்.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்குக்கா" என்றாள் தங்கை. "ஆனா அந்தக் குழந்தை... என் கையில இதுவரைக்கும் எது தங்கியிருக்கு, சொல்லு?"

அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். "ஒரே ஒரு செடி. குளிர் முடியற வரைக்கும் அதை உயிரோட வெச்சிருந்தேன்னா சரின்னு எழுதிடறேன். இல்லேன்னா வேண்டாம்."

நல்ல யோசனை என்று சொன்னேன். நான் அவளைத் தடுக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

செடிக்கடைக்காரம்மாவிடம் விவரம் சொல்லி, முதலில் மருள் வாங்கி வந்தாள். வாள் மாதிரி நிமிர்ந்து நிற்குமே, அது. தொட்டியில் ஒரு அட்டை செருகியிருந்தது: மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் போதும், விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தங்கை அந்த அட்டையை மனப்பாடம் செய்தாள். சாப்பாட்டு மேஜையில் எனக்கும் அவளுக்கும் நடுவில் தொட்டியை வைத்தாள். அந்தச் செடி பிழைத்தால் எதிர் நாற்காலி காலி. எனக்குப் பயமாக இருந்தது. வேலையை விட்டு வந்தவளுக்குப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா?

அவள் காலையில் கால் மணி நேரம் குளிப்பாள். என்னிடம் வார்டில் காலாவதியாகிப்போன ஒரு பெட்டி ஊசி இருந்தது, மொத்தம் பத்து, முதுகுத்தண்டில் போடும் நீள ஊசி. பெரிய சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, தொட்டியின் ஓரமாக ஊசியை அடிவரை இறக்கி, மெதுவாகச் செலுத்துவேன். அவசரப்பட்டால் தண்ணீர் மேலே வந்துவிடும். நோயாளியோ செடியோ, பதமாகத்தான் செய்ய வேண்டும். கீழே சேறு, மேலே புழுதி.

வேர் அழுகிய செடியும் வாடித்தான் போகும், தண்ணீர் கிடைக்காத செடி மாதிரியே. தங்கை விரலை விட்டுப் பார்ப்பாள், காய்ந்திருக்கும். பதறிப்போய் ஒரு தம்ளர் ஊற்றுவாள். ஆகக் கடைசித் தண்ணீர் எப்போதும் அவள் கையால்தான் விழுந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மருள் போனது. அடுத்து கற்றாழை. அதன் பிறகு மணி பிளான்ட். அதைக் கொல்ல முடியாது என்று ஊரே சொல்லும், கொஞ்சம் உழைப்புதான். ஒவ்வொரு தடவையும் அவள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். ஒவ்வொரு தடவையும் நான் பால் காய்ச்சிக் கொடுத்தேன். "எல்லாருக்கும் எல்லாம் வராதுடி" என்றேன். அந்த மாதங்களில் நாங்கள் மிகவும் ஒற்றுமையாக இருந்தோம்.

செத்த மருளின் அடியில் ஒரு சின்னக் கன்று அழுகாமல் ஒட்டியிருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை. என் அறை ஜன்னலில் ஒரு கிண்ணத்தில் நட்டேன், மாதம் இரண்டு ஸ்பூன் தண்ணீர். ஜம்மென்று வளர்ந்தது. தங்கை அதைப் பார்த்து, "உன் கை பட்டா துளிர்க்குது, என் கை பட்டா கருகுது" என்பாள். பாராட்டினால் யாருக்குத்தான் கசக்கும்?

நான்காவதாக வந்ததற்குப் பெயர் இசட் இசட் செடியாம். அடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கிழங்கு வைத்துத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளும் கஞ்சன். அதற்கு இரண்டு மடங்கு தேவைப்பட்டது. ஒருநாள் ஊசி கிழங்கில் குத்தி மாட்டிக்கொண்டது. இழுத்தேன், சிரிஞ்ச் மட்டும் கையோடு வந்தது. அதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று மண்ணைத் தள்ளி மூடினேன். என் பணிக்காலத்தில் ஒரு ஊசியைக்கூடத் தொலைத்தவள் இல்லை நான்.

குளிர் முடிய ஒரு நாள் இருந்தபோது அதுவும் மஞ்சளாகிச் சாய்ந்தது. தங்கை கண்ணாடிக்காரருக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டாள். ஒட்டவில்லை. காலையில் ஒட்டலாம் என்று மேஜையில் வைத்தாள்.

காலையில் செடிக்கடைக்காரம்மா வந்து நின்றார். நாலாவதும் போய்விட்டது என்று தங்கை சொன்னதை அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. "முப்பது வருஷமா விக்கிறேன், இந்தச் செடிய யாரும் சாகடிச்சதில்லம்மா" என்று சொல்லி, எங்கள் மேஜையில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார். நாற்றம் குப்பென்று வந்தது.

"மேல புழுதி, கீழ சேறு. இது எப்படி?" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழங்கைக் கத்தியால் பிளந்தார். கத்தி எதிலோ இடித்தது. இரண்டு விரலால் இழுத்து எடுத்தார். "இது என்ன ஊசிங்க?"

"பதினெட்டாம் நம்பர்" என்றேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லியே பழகிவிட்டது.

தங்கை ஊசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்து, பால் வைக்க எழுந்தேன்.

"உன் ரூம்ல இருக்கறது என் மருளோட கன்றுதானேக்கா?"

"ஆமா."

"அப்ப என் செடி குளிர் தாண்டிடுச்சு."

கடிதத்தை நான்காகக் கிழித்துச் சேற்றுக்கு மேல் போட்டாள். என் அறைக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்து, தன் கம்பளித் துண்டில் சுற்றிக்கொண்டாள். மத்தியான ரயிலுக்குப் போய்விட்டாள். ஆம், நான்கையும் நான்தான் கொன்றேன். கேட்பவர்களிடம் நான் மறைப்பதில்லை. அவள் நன்மைக்குச் செய்தது, மறைக்க என்ன இருக்கிறது?

என் தங்கை நல்லவள். எட்டு மாதம் கழித்து, போன வாரம் கடிதம் போட்டிருக்கிறாள். "குளிர்காலம் வருது, தனியா கிடக்காதே, இங்க வந்துடு. செடி பக்கம் மட்டும் போகாதே." கூடவே ஒரு படம். மருள் இரண்டு புது இலை விட்டிருக்கிறது. எல்லாம் நான் போட்ட அடித்தளம். பக்கத்தில் கண்ணாடிக்காரரின் பெண் நிற்கிறாள். அவளுக்கென்று தனியாக ஒரு தொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். தினமும் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாளாம். என் தங்கையை "அம்மா" என்று கூப்பிடுகிறாளாம்.

ஆறு வயதுக் குழந்தை. அந்த விரல் எவ்வளவு ஆழம் போய்விடும்?

நாளைக்கு ரயில். கம்பளிகளை மடித்து வைத்துவிட்டேன். நடுவில் அந்தப் பெட்டியும் இருக்கிறது, ஒரு அவசரத்துக்கு. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது ஊசி. இந்தத் தடவை ஒன்றையும் தொலைக்க மாட்டேன்.