முச்சந்தியில் எட்டாம் நாள்

ஹோர்னில் வைத்த கையைச் சிவரூபன் எடுக்கவேயில்லை. கார் உறுமிக்கொண்டு நின்றது. எதிரே, முச்சந்தியின் நட்ட நடுவில் இரண்டு பேர்... தலையில் துண்டு, கையில் ஓலைக் கடகம்.

செவ்வாய் மாலை, ஆறு நாற்பது. கனகம்புளியடி தாண்டிப் புத்தூர்ப் பக்கம் போகிற வீதி. அதற்கப்பால் வீடில்லை, விளக்கில்லை. உவர் வெளி மட்டும்.

கிட்ட வாருங்கள், சொல்கிறேன். நம் சிநேகிதன் கோபிசங்கரின் அத்தான், இந்தச் சிவரூபனுக்கு நடந்தது இது. கொடிகாமத்தில் வேலை, வட்டுக்கோட்டையில் வீடு. தினமும் ஏ-ஒன்பது வீதியால் நேரே வந்த மனிதன், ஒரு கிழமையாய் இந்தச் சுற்று வழியைப் பிடித்திருந்தான். ஏனென்று கேட்டால், "அங்காலை ஒரே தூசி!" என்று எரிந்து விழுவான்.

அன்றைக்கு எரிச்சல் இரட்டிப்பு. மகள் கோபிகாவுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். மனைவி தனுசியா போனில் கத்தினாள்.

"ஏழரைக்கு டொக்டர் பூட்டிப்போட்டுப் போயிடுவார். உந்தச் சுத்து றோட்டாலை ஏனப்பா வாறியள்?"

"வையடி போனை!"

முச்சந்தியில் நின்ற இருவரில் மூத்தவர் கிட்ட வந்து கை கூப்பினார்.

"தம்பி, ரெண்டு நிமிசம். எங்கடை ஐயாவின்ரை எட்டுச் செலவு. தேங்காயை உடைச்சுப்போட்டு விலகிறம்."

செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் சமைத்து, சந்தியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட வேண்டும். சிவரூபனுக்குத் தெரியாத வழக்கமா?

"செத்த ஆளுக்கு என்ன சாப்பாடு? றோட்டு என்ன உங்கடை அப்பன்ரை முதுசமோ? தள்ளுங்கோ!"

மிதித்தான். இருவரும் பாய்ந்து விலகினார்கள். சக்கரத்தடியில்... நறுக். படையல் வைத்த கடகம்.

"உவனெல்லாம் ஒரு மனுசனோ!" பின்னால் ஒரு குரல் தேய்ந்தது.

உவர் வெளியில் ஏறியதும் அந்த மணம் வந்தது. கண்ணாடி நான்கும் பூட்டு. ஏசி ஓடுகிறது. ஆனாலும்... பொரித்த மீன். அதன் பின்னே சுருட்டு. பின்சீற்றில் யாரோ முள்ளை உறிஞ்சி... த்பூ... துப்புகிற சத்தம்.

பயம் வந்தால் சிவரூபனுக்குக் கோபம்தான் வரும்.

"ஆரடா அது? இறங்கடா!"

பின்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தான். ஒருவருமில்லை.

கிணிங்... கிணிங்...

சைக்கிள் மணி. காருக்குள்ளே.

வீட்டு வாசலில் பிரேக் போட்டபோது ஏழு இருபது. ஓடி வந்த தனுசியா பின்கதவைத் திறந்து பிள்ளையைக் கிடத்தப் போனாள். அனலாய்க் கொதித்துக் கிடந்த கோபிகா கண்ணைத் திறந்தாள்.

"அம்மா... என்னை முன்னுக்கு வையுங்கோ. இதிலை ஒரு வயசான அப்பு படுத்திருக்கிறார்."

"எந்த அப்பு, குஞ்சு? ஒருத்தரும் இல்லை."

"காலெல்லாம் ரத்தம்... அவருக்கு அப்பாவிலை சரியான கோபம்." குழந்தை வெறும் சீற்றின் பக்கம் காதைச் சாய்த்தது. "ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோ தம்பி எண்டு கத்தினவராம். அப்பா கண்ணாடியை ஏத்திக்கொண்டு போட்டாராம்."

தனுசியா புருஷனைப் பார்த்தாள்.

போன செவ்வாய், ஏ-ஒன்பது வீதியில், அவன் இடித்துச் சரித்துவிட்டு நில்லாமல் வந்த சைக்கிளைப் பற்றி, அந்த நிமிடம் வரைக்கும் அவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.