வீட்டுப் பங்கு

உட்காருங்கள் சார். பால் இப்போதுதான் வந்தது. நன்றாகப் பொங்கவிட்டுத்தான் காபி போடுவேன். இந்த வீட்டில் எதையும் அரைகுறையாகச் சுட வைக்கிற பழக்கம் கிடையாது. இந்த வெயிலில் திண்டுக்கல்லிலிருந்து பைக்கிலேயே வந்திருக்கிறீர்கள். மெதுவாகவே கேளுங்கள், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன்.

வினோலியா ஸ்டேஷனில் மனு கொடுத்திருப்பாள் என்று உங்களைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பனை அடக்கம் பண்ணிய ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அவன் பேரில் இருக்கும் கறையைத் துடைக்கப் பார்க்கிறாள். நல்ல பெண். என்னிடம்தான் படித்தாள். அவள் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. இரண்டாயிரத்து மூன்றில், கோயில் திருவிழா அன்று, அவள் அப்பா பிராங்கிளின் என்னிடம் வந்து சொன்னான். நானும் காதில் வாங்கிக்கொண்டேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு என் பக்கத்து நியாயம் விளங்கும்.

தொண்ணூற்றாறில் என் மகன் இனிகோவுக்குப் புதுநன்மை. பிள்ளை முதல்முறையாக நற்கருணை வாங்கினால் எங்களில் கல்யாணம் மாதிரியே விருந்து வைப்போம். சமையலுக்கு பிராங்கிளினைச் சொல்லியிருந்தோம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டு விசேஷம் எல்லாம் அவன் கைப்பக்குவம்தான். காலையில் வரும்போது ஒரு பெரிய தூக்குவாளியோடு வந்தான். என்ன என்று கேட்டேன். "அரைச்ச மசாலா டீச்சர்" என்றான். முந்தின நாள் வத்தலக்குண்டில் ஒரு கல்யாணத்தில் மிஞ்சிய கோழிக் குழம்பு அது. எங்கள் குழம்போடு கலந்து சுட வைத்துவிட்டான். சாப்பிட்ட பலருக்கும் வயிறு போனது. இனிகோவுக்கு மட்டும் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் கண் உள்ளே போய்விட்டது. புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைச் சட்டையிலேயே அவனைப் புதைத்தோம்.

கோயில் கமிட்டியைக் கூட்டினார்கள். பிராங்கிளின் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "டீச்சர் வீட்டுக் கெணத்துத் தண்ணி கலங்கலாக் கெடந்துச்சு, நான் அப்பவே நெனச்சேன்" என்றான். வாளியைப் பற்றி நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் புலம்புகிறாள் என்று பரிதாபப்பட்டார்கள். "நமக்குள்ள எதுக்கும்மா போலீசு" என்றார்கள். என் கணவர் அருள்நாதனும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வருஷத் திருவிழாவுக்கும் அவன்தான் சமைத்தான். நான் அவனை வெறுத்தேன். பாடம் நடத்தும்போதும், ஜெபமாலை சொல்லும்போதும் வெறுத்தேன். வயிறு எரிய எரிய அவனுக்கு வணக்கம் சொன்னேன்.

எங்கள் திருவிழா அசனம், அதாவது ஊர் விருந்து, உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். நேர்ச்சையாக வரும் ஆடு, கோழி எல்லாம் ஒன்றாகப் பிரியாணி ஆகும். சுற்றுப்பட்டியில் தோட்டம் துரவு வைத்திருக்கும் இந்துக் குடும்பங்களும் ஆடு கொண்டுவந்து விடுவார்கள். பந்தி நடக்கும்போதே, வீட்டுப் பங்கு என்று தூக்குச்சட்டியில் வாங்கிப் போவதும் வழக்கம். எங்கள் கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கும்வரை அண்டாவைத் திறக்கவே கூடாது. சமைத்தவன்கூட உப்புப் பார்க்க மாட்டான். மைக்கில் அறிவிப்பது என் வேலை. டீச்சர் குரல் தோட்டங்காடு வரை தெளிவாகக் கேட்கும் என்பார்கள்.

இரண்டாயிரத்து மூன்று திருவிழா அன்று சாமியார் அவசரமாக ஒரு அடக்கத்துக்குப் போக வேண்டியதாகி, திரும்பி வர மதியம் தாண்டிவிட்டது. வீட்டுப் பங்குக்கு என்று முதலிலேயே இறக்கிய பின்வரிசை அண்டாக்கள் சித்திரை வெயிலில் மூடியபடியே புழுங்கிக் கிடந்தன. மந்திரித்ததும் கூட்டம் முண்டியடித்து வாங்கிக்கொண்டு போனது. பாதி போன பிறகுதான் பிராங்கிளின் ஒரு வாய் எடுத்து வைத்திருக்கிறான். மைக் மேசைக்கு ஓடி வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"டீச்சர், பின்வரிசை கெட்டுப்போச்சு. கறி கொழகொழன்னு இருக்கு. வாங்கிட்டுப் போனவுக யாரும் வாயில வைக்க வேணாம், கீழ கொட்டிருங்கன்னு சொல்லுங்க. ஒங்க சத்தம் எட்டும்."

நான் அவனையே பார்த்தேன். அவன் கண் கலங்கிவிட்டது. "இனிகோவுக்கு ஆனது இன்னொரு பிள்ளைக்கி ஆகக் கூடாது டீச்சர். அன்னைக்கி நான் வாயத் தொறக்கல. பழசத்தான் கலந்தேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் நான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். அது வந்தது, என் காதுக்கு மட்டும் வந்தது. நான் மைக்கில் எச்சரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேரத்தோடு சொல்லி ஊரைக் காப்பாற்றினான் பிராங்கிளின் என்பார்கள். எவ்வளவு மனசாட்சி உள்ளவன் என்பார்கள். என் பிள்ளை மண்ணுக்குள் கிடக்க, இவனுக்குச் சால்வை போடுவார்கள். அதை என்னால் தாங்க முடியாது. நீங்களே சொல்லுங்கள், எந்தத் தாயால் முடியும்?

"நீ போய் மிச்சத்தைக் குழி வெட்டிக் கொட்டு. நான் சொல்கிறேன்" என்றேன். நம்பிப் போனான். நான் மைக்கை எடுத்தேன். வீட்டுப் பங்கு வாங்கியவர்கள் தாமதிக்காமல் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றேன். இது மந்திரித்த சோறு, வாடையோ ருசியோ பார்க்காதீர்கள், ஒரு பருக்கையைக்கூடக் கீழே போடுவது பாவம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன். வகுப்பிலும் எனக்கு அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

அவன் கேட்டுவிட்டு அலறிக்கொண்டு ஓடிவந்தான். அதற்குள் பேண்டு செட்டை வாசிக்கச் சொல்லிவிட்டேன். அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைப் பிடுங்க வந்தவனை, குடித்திருக்கிறான் என்று கமிட்டிக்காரர்கள் இழுத்துப் போனார்கள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்க நன்றாகவும் இருந்தது.

சாயங்காலமே வாந்தியும் பேதியும் ஆரம்பித்துவிட்டன. வேன் வைத்து ஆட்களை ஏற்றினார்கள். பிராங்கிளின் எல்லாரிடமும், டீச்சரிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான். அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன். வாளியைப் பற்றி நான் சொன்னபோது என்னைப் பார்த்த அதே பார்வையை எல்லாரும் அவன் மேல் வைத்தார்கள். மிச்சத்தைக் குழியில் கொட்டினானே, அதையும் தடயத்தை அழித்தான் என்றுதான் உங்கள் ஸ்டேஷனில் எழுதினார்கள். சிறைக்குப் போய் வந்தான். அப்புறம் அவனை யாரும் அடுப்பண்டை விடவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே செத்தான். அவன் உயிரோடு இருக்கும்போது நீங்கள் வந்து கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது சொன்னால் அவனுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

செத்தது ஒரே பிள்ளைதான் சார். அஜித் என்று பெயர். தோட்டத்து வீட்டுக் கௌசல்யாவின் மகன். என் வகுப்புதான், முன் பெஞ்சு. அவன் பிறந்ததற்கு நேர்ந்துகொண்ட ஆட்டைத்தான் அந்த வருஷம் கொண்டுவந்து விட்டிருந்தாள். துக்கத்துக்குப் போனேன். என் மடியில் விழுந்து அழுதாள்.

"சட்டியத் தொறந்ததுமே வாடை ஒரு மாதிரி இருந்துச்சு டீச்சர். கொட்டிரலாம்னு குப்பைமேடு வரைக்கும் போயிட்டேன். அந்நேரம் நீங்க மைக்குல சொன்னது கேட்டுச்சு. சாமி சோறாச்சேன்னு திரும்பி வந்து நானே ஊட்டிவிட்டேன்."

நானும் அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்து, உன்மேல் தப்பில்லை, பிராங்கிளின்தான் கொன்றான் என்று சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னதை எல்லாம் கௌசல்யாவிடம் தாராளமாகச் சொல்லலாம். அவள் தப்பாக நினைக்க மாட்டாள். அவளும் என்னை மாதிரி பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே.