சனாவுல்லாவின் டூட்டி

ஜெய்தூன் பீவி: கையெடுங்க. கண்ணுக் கட்டத் தொடக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?

சனாவுல்லா: அரிக்குது புள்ள...

ஜெய்தூன் பீவி: அரிக்கட்டும். ஆப்ரேசன் முடிஞ்சு பத்து நா பொறுத்தாச்சு. இன்னும் செத்த நேரத்துல டாக்டரம்மா வந்து அவுத்துருவாங்க. வாங்கண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க.

சனாவுல்லா: யாரு அது?

செபஸ்தியான்: நாந்தேன் சனா.

சனாவுல்லா: ஓகோ... பட்டாளத்தார் சங்கத்துக் காரியதரிசியா? அவரு மொகத்துல முழிக்கிறதில்லன்னு இருக்கேன்.

செபஸ்தியான்: அதேன் கட்டிப் போட்டுருக்காகளே. பேச்சு மட்டும் பேசு.

சனாவுல்லா: ஜெய்தூனு, அவில்தாருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பி விடு.

ஜெய்தூன் பீவி: இது என்ன பேச்சு? இந்த ஆஸ்பத்திரில நமக்கு எடம் பிடிச்சுக் குடுத்ததே அண்ணேந்தேன்.

சனாவுல்லா: வேலையக் கெடுத்ததும் இவுக ஆளுகதேன். எவனோ காட்டிக் குடுத்துருக்கான். இல்லாட்டி அந்த டாக்டரு எதுக்கு அட்டைய மாத்துறாரு?

செபஸ்தியான்: எந்த அட்ட?

சனாவுல்லா: தெரியாத மாதிரியே கேளுங்க...

ஜெய்தூன் பீவி: எனக்கே இன்னும் முழுசாச் சொல்லல. இன்னிக்காச்சும் சொல்லுங்க.

சனாவுல்லா: பேகம்பூரு தோல் கிட்டங்கி வாச்மேன் வேலைக்கி சங்கத்துல எம்பேர எழுதிக் குடுத்தாகல்ல... கண்ணு பாக்கணும்னாக. பட்டாளத்துல லாரி ஓட்டயில வருசா வருசம் படிக்கச் சொல்லுவாகளே, அதே அட்டதான இங்கயும் இருக்கும்னு... மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட்...

செபஸ்தியான்: ம்... பரவால்லயே.

சனாவுல்லா: கடைசி வரி வரைக்கும் மடமடன்னு ஒப்பிச்சேன். டாக்டரு பேசாம இருந்தாரு. அப்பறம் மெதுவா, "பாய், அதுல இருக்கறது அம்புட்டும் தமிழெழுத்து"ன்னாரு.

ஜெய்தூன் பீவி: அல்லாவே...

செபஸ்தியான்: சிரிக்காதம்மா.

ஜெய்தூன் பீவி: நீங்கதான்ண்ணே சிரிக்கிறீங்க.

சனாவுல்லா: நல்லாச் சிரிங்க. லாரி மொதலாளியும் வேணாம்னுட்டாரு. இந்த வேலையும் இல்லன்னா சங்கத்துல குடுக்குற அரிசியத்தேன் வாங்கித் திங்கணும். எம்மக தாஹிரா படிப்ப எட்டாப்போட நிறுத்தணும். அதுக்குப் பயந்துதேன் மறைச்சேன்.

செபஸ்தியான்: எம்புட்டு நாளாத் தெரியல?

சனாவுல்லா: ரெண்டு வருசமா... எல்லாம் பொகையாட்டம்.

ஜெய்தூன் பீவி: ரெண்டு வருசமா? எங்கிட்ட ஆறு மாசம்னீங்க...

சனாவுல்லா: ஒங்கிட்டச் சொன்னா நீ அழுவ.

செபஸ்தியான்: சரி. நானும் ஒண்ணச் சொல்லிர்றேன். அட்டைய மாத்தச் சொன்னது நாந்தேன்.

சனாவுல்லா: ஏன் அவில்தாரே? ஒங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?

செபஸ்தியான்: ஆகஸ்டு பதினஞ்சுக்கு சங்கத்துல கொடி ஏத்துனோம்ல. அம்புட்டுப் பேரும் கொடியப் பாத்து சல்யூட் அடிக்கிறோம். நீ மட்டும் வெறைப்பா நின்னு கரண்டுக் கம்பத்துக்கு அடிக்கிற. அதேன் டாக்டருகிட்டச் சொல்லி வச்சேன்.

சனாவுல்லா: எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல...

செபஸ்தியான்: கேட்டா ஒத்துக்குவியா? பர்மாவுல தொடையில குண்டு பாஞ்சதயே ரெண்டு மைலு தாண்டித்தான சொன்ன.

சனாவுல்லா: அது... லாரியக் கொண்டுபோய்ச் சேக்கணும்ல.

செபஸ்தியான்: ஒன்னச் சோதிச்சுப் பாத்துட்டு, பொரை முத்திருச்சு, இன்னும் விட்டா கண்ணே போயிரும்னு டாக்டரு சொன்னாரு. சங்கத்துல எல்லாரும் ஒக்காந்து பேசித்தேன் ஆப்ரேசனுக்கு ஏற்பாடு செஞ்சோம். திட்டணும்னா என்னயத் திட்டு.

சனாவுல்லா: திட்டி என்ன ஆகப் போகுது... நேத்துக் கட்டு மாத்தயில சன்னலு தெரிஞ்சுச்சு அவில்தாரே. அஞ்சு கம்பி.

செபஸ்தியான்: நெசமாவா?

ஜெய்தூன் பீவி: நானும் எண்ணிப் பாத்தேண்ணே. அஞ்சுதேன்.

செபஸ்தியான்: அழுகாதம்மா. நல்ல சேதி சொல்லயில...

ஜெய்தூன் பீவி: அழுகலண்ணே. மனசு லேசானா இப்புடித்தேன்...

சனாவுல்லா: எனக்கும் பாரம் எறங்குன மாதிரிதேன் இருக்கு. ஒங்க மேல கோவம்லாம் இல்ல. போன வேல போகட்டும்... கிட்டங்கில இப்ப யாரு நிக்கிறா?

செபஸ்தியான்: ஒரு ஆளு நிக்கிறான்.

சனாவுல்லா: நம்ம சங்கமா?

செபஸ்தியான்: ஆமா.

சனாவுல்லா: புள்ள குட்டி இருக்கா?

செபஸ்தியான்: ஒத்தப் பொம்பளப்புள்ள. படிக்குது.

சனாவுல்லா: அப்ப அவனே இருக்கட்டும். எனக்குக் கண்ணு வந்துருச்சுன்னு போய் அவன் வயித்துல அடிச்சுறாதீக. நான் வேற எங்கயாச்சும் கேட்டுப் பாக்குறேன்.

ஜெய்தூன் பீவி: அண்ணே, சொல்லிருங்க. என்னால இதுக்கு மேல முடியல.

சனாவுல்லா: என்னத்தச் சொல்ல? நீயும் கூட்டா? அவில்தாரே, அந்த ஆளு பேரு என்ன?

செபஸ்தியான்: சனாவுல்லா. மொத நா நாந்தேன் சனாவுல்லா, மறுநா மிக்கேல்ராஜ், அதுக்கடுத்து வீரன், நேத்து நம்ம ஒத்தக்கைச் சடையாண்டி. மொதலாளிகிட்டச் சொல்லித்தேன் நிக்கிறோம், இருபது நாளா ஒன் பேருக்கு ஒரு நா லீவு விழுகல. கண்ணாடி வந்ததும் சீக்கிரம் வந்து சேருப்பா... ஒன் டூட்டியப் பாத்து எங்களுக்குக் காலு கடுக்குது.